சிவன் சொன்ன தள்ளுபடி

சுபலுக்குச் சர்க்கார் தர வேண்டியது பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கங்கைக் கரை சரியாமல் இருக்க மணல் மூட்டை அடுக்கிய கூலி. எங்கள் கரையில் முப்பத்திரண்டு பேருக்குப் பாக்கி இருந்தது. சுபலுக்குத்தான் அதிகம். ஒரு நாள்கூட விடாமல் போனவன் அவன்.

மூட்டை அடுக்கிய அந்த இடத்தையும், அதற்குப் பின்னால் இருந்த சுபலின் வீட்டையும், எங்கள் பாதித் தெருவையும் அடுத்த மழைக்காலத்திலேயே ஆறு தின்றுவிட்டது. கூலி கேட்டுப் போனால் என்ஜினியர் பாபு, "வேலை நடந்த இடத்தக் காட்டுங்க, அளக்கணும்" என்றார். "முங்கிப் போய்ப் பாருங்க பாபு, அடியில இருக்கும்" என்றான் சுபல். அன்றிலிருந்து எங்களை அந்த ஆபீசுக்குள் விடுவதில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. வீடு போனவர்கள் எல்லாரும் கரைமேட்டில் கறுப்பு பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். பெண்கள் பீடி சுற்றினார்கள். ஆண்களில் திடமானவர்கள் கேரளத்துக்கும் டில்லிக்கும் கட்டட வேலைக்குப் போனார்கள். நானும் சுபலும் அந்த வயதைத் தாண்டியவர்கள். போன இடங்களிலெல்லாம் முதுகைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள்.

சுபலின் மகள் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தாள். தாய் வீடு என்றால் அந்த பிளாஸ்டிக் தாள்தான். குழந்தை பிறந்தது மாசி மாதம். வெயில் ஏறினால் சாயங்காலப் புயல் வரும். எங்கள் பக்கத்தில் அது வரும்போது ஆலங்கட்டியும் சேர்ந்து வரும், மாமரத்தையே முறிக்கும், பிளாஸ்டிக் எந்த மூலைக்கு? சுபலின் பெண்டாட்டி பசந்தி கடைத்தெருவில் சாஹாவின் தகரக் கடைக்குப் போய் எட்டுத் தகரத்துக்கு விலை கேட்டு வந்தாள். தகரம், மூங்கில், ஆணி எல்லாம் சேர்த்து அந்தப் பதினோராயிரத்துக்குள் அடங்கும். கடன் கேட்டதற்கு சாஹா சிரித்தானாம். "சர்க்கார் குடுக்கட்டும், நான் குடுத்த மாதிரிதான்" என்றானாம்.

அந்த நேரத்தில்தான் கம்பீரா திருவிழா வந்தது.

வருடக் கடைசியில் நாங்கள் சிவனைத் திட்டுவோம். கும்பிடுவது வருடம் பூராவும் நடக்கிறது, திட்டுவதற்கு அந்த ஒரு ராத்திரிதான். எங்களில் ஒருவன் சாம்பல் பூசி, சணல் முடி வைத்து, புலிக்கோடு போட்ட துணியைக் கட்டிக்கொண்டு சிவனாக மேடையில் உட்காருவான். மற்றவர்கள் அவன் முகத்துக்கு நேரே நின்று, நெல்லு ஏன் கருகியது, அரிசி ஏன் விலை ஏறியது, அதிகாரி ஏன் லஞ்சம் வாங்குகிறான், நீ என்ன கஞ்சா குடித்துவிட்டுத் தூங்கினாயா என்று பாட்டாகவும் பேச்சாகவும் கேட்போம். சிவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் ஒரு சொல் சொல்ல வேண்டும். அந்தச் சொல் அந்த வருடம் முழுக்க நிற்கும். வேலித் தகராறு, தம்பி பங்கு, மாட்டுக் கடன் என்று கோர்ட்டுக்குப் போக வேண்டிய எத்தனையோ காரியம் எங்கள் ஊரில் அந்த மேடையில் தீர்ந்திருக்கிறது. எங்கள் குழுவில் சிவன் சுபல்தான். தொந்தி இல்லாத சிவன். பாட்டு கட்டுவது நான். பிந்திக் கற்ற எழுத்துதான், ஆனால் கோணலாகவாவது தாளில் நிற்கும். டோலக் வாசிப்பது மொத்தாலிப்.

கட்சி ஆள் நிதாய் வந்தான். பஞ்சாயத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவனும் அவன்தான்.

"இந்தத் தடவ சசாங்க பாபு வர்றாரு. பேப்பர்காரங்கல்லாம் வர்றாங்க. எதிராப் பாடிப்புடாதீங்கப்பா."

"எம்.எல்.ஏ. வர்றாரா? வழி தெரியுமா அவருக்கு?" என்றான் மொத்தாலிப்.

"இந்த நக்கலத்தான் வேணாங்குறேன். பாபு நல்லவரு, ஆனா கூட வர்றவங்க ஒரு மாதிரி. பாராட்டிப் பாடுங்க. மேடைச் செலவு பூரா எங்களோடது."

"பாராட்டியே பாடுறோம் போ" என்றேன் நான்.

அன்றைக்கே உட்கார்ந்து யோசித்தோம். திட்டக் கூடாது, பாராட்ட வேண்டும். சரி, எதற்காகப் பாராட்டுவது? சாலையா, பள்ளிக்கூடமா, ஆஸ்பத்திரியா? மொத்தாலிப் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்ததே தவிரப் பாட்டு வரவில்லை. கடைசியில் சுபல்தான் சொன்னான்.

"பாராட்ட ஒண்ணும் இல்லேன்னா பரிதாபப்படுவோம்டா. ரெண்டு வருசமா நம்ம கூலியக் குடுக்க முடியலைன்னா அந்த சர்க்காரு எவ்ளோ ஏழையா இருக்கணும்! பாவம்டா அது."

எனக்குப் பாட்டு கிடைத்துவிட்டது. பெரிய முதலாளிகள் வாங்கிய கடனை பாங்குகள் தள்ளுபடி செய்கின்றன என்று டீக்கடையில் தினம் பேச்சு. அதே மாதிரி, தரித்திரம் பிடித்த சர்க்கார் எங்களுக்குத் தர வேண்டிய கடனை நாங்கள் தள்ளுபடி செய்வது. சிவனே உட்கார்ந்து தள்ளுபடி சொல்வது. அந்த எம்.எல்.ஏ.வுக்கு மானம் இருந்தால் மேடையிலேயே நெஞ்சு வெடித்து, மறுநாள் காசைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். அப்படித்தான் கணக்குப் போட்டோம்.

மொத்தாலிப் மட்டும் டோலக் கயிற்றை இழுத்துக்கொண்டே, "மேடையில சொன்னா நிக்குமேடா" என்றான்.

"குத்திக் காட்டுறதுக்குச் சொல்றதும் நிக்குமா? எந்த மடையன் நெசம்னு நெனப்பான்?" என்றேன்.

கம்பீரா ராத்திரி எம்.எல்.ஏ. சசாங்க சேகர் லாஹிரி வந்தார். முன்னால் நாலு வண்டி, பின்னால் ஆறு வண்டி. கரைமேட்டில் எங்கள் பிளாஸ்டிக் கூரைகள் வண்டிக் காற்றில் படபடத்தன. அவர் கூரைகளைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. முதல் வரிசையில் சோபா போட்டிருந்தார்கள். அந்த சோபா வைக்க ஐந்து குடும்பத்தின் அடுப்பைப் பெயர்த்தார்கள்.

சுபல் மேடையில் வந்து உட்கார்ந்தான். நான் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் போனேன்.

"சிவனே, சர்க்காருக்கு ஒடம்பு சரியில்ல."

"என்னடா ஆச்சு?"

"பட்டினி. ரெண்டு வருசமா கையில காசில்ல. கூலி குடுக்கக்கூட வக்கில்லாம அலையுது. பாக்கவே சகிக்கல."

"ஐயய்யோ! அப்ப சோத்துக்கு என்ன பண்ணுது?"

"எங்க சோத்தத்தான் சாப்புடுது, சாமி."

கூட்டம் கொல்லென்றது. சோபாவிலும் சிரிப்பு. மொத்தாலிப் டோலக்கைத் தட்ட, நாங்கள் எடுத்தோம்.

"பத்து வண்டி வருது பாரு பவுசா, சிவனே ஹே,
பாவம், அதுக்கு எண்ணெ போட ஏது காசு?
எங்க கூலி எடுத்து ஊத்து வண்டிக்கு, சிவனே ஹே,
எரியட்டும், நாங்க பழகிட்டோம் பசிக்கு!

கோடி வாங்கி ஓடினவன் ராசா, சிவனே ஹே,
கும்பிட்டுத் தள்ளுது பாங்கு அவன் கடன லேசா!
கூலிக்காரன் நாங்களும் இப்ப ராசா, சிவனே ஹே,
கொடுக்க வேணாம், தள்ளிட்டோம், அதுவும் ஒரு காசா!"

பெண்கள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். நான் பாட்டைப் பாதியில் நிறுத்தி சோபாவைப் பார்த்தேன். சசாங்க பாபு தொடையில் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவனிடம், எண்ணெய் போடும் அடியை இன்னொரு தடவை பாடச் சொல் என்றார். பாடினோம். மறுபடியும் சிரித்தார்.

எனக்கு உள்ளே எரிந்தது. சுபலுக்கும் எரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, சூலத்தை மேடைப் பலகையில் ஓங்கிக் குத்தி, தொண்டை கிழியக் கத்தினான்:

"முப்பத்திரண்டு ஏழைங்க சேந்து ஒரு ஏழை சர்க்காரக் காப்பாத்துறானுங்க! கூலி பாக்கி அத்தனையும் தள்ளுபடி! சிவன் சொல்லிட்டேன்!"

கூட்டம் ஓவென்று ஊளையிட்டது. அந்தக் கத்தலைக் கேட்டுச் செத்த பிணம்கூடக் கூச்சப்பட்டிருக்கும்.

சசாங்க பாபு மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. சத்தியமாகக் கலங்கியிருந்தது, நான் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தேன்.

"இல்லாதவங்க மனசு எவ்ளோ பெருசுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன். தங்களோட ஒழைப்ப நாட்டுக்கே காணிக்கையாக் குடுத்துட்டாங்க என் மக்கள். இந்தத் தியாகத்த நான் மேலிடத்துல சொல்லுவேன். இந்தக் கங்கைமேல சத்தியமாச் சொல்லுவேன்!"

அவரும் நடிக்கிறார் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பாபு சுபலைக் கட்டிப்பிடித்தார். காமிராக்கள் மின்னின. அவருடைய வெள்ளை ஜிப்பாவில் சுபலின் சாம்பல் ஒட்டிக்கொண்டது. அதை வண்டியில் ஏறும்வரை தட்டிக்கொண்டே போனார்.

புது வருடம் பிறந்து கொஞ்ச நாளில், அக்கரைப் பஞ்சாயத்தில் மூட்டைக் கூலி வந்துவிட்டது என்று சேதி. மொத்தாலிப்பின் மச்சானுக்கு பாங்கில் ஏறியிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினோம்.

நிதாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒங்க கரைக்கு இல்லப்பா."

"ஏன் இல்ல?"

"நீங்கதான் விட்டுக் குடுத்துட்டீங்களே." மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து பேப்பரை எடுத்துப் போட்டான். சுபலும் பாபுவும் கட்டிப்பிடித்த படம். மேலே கொட்டை எழுத்து. கூலியை நாட்டுக்குக் கொடுத்த கலைஞர்கள் என்று நான் உரக்கப் படித்தேன். படிக்கப் படிக்க என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"ஆட்டம்யா அது! வேசம் கட்டி ஆடினது!" என்றான் சுபல்.

"ஆட்டமா? போன வருசம் மொத்தாலிப் அண்ணனோட வேலித் தகராறு எதுல தீந்துச்சு? சிவன் சொல்லிட்டாருன்னுதானே ராவோட ராவா வேலியப் புடுங்குனீங்க? ஒங்க வேலிக்கின்னா சிவன், எங்க கணக்குக்கின்னா வெறும் சுபலா?"

அவனும் எங்கள் தெருவில் பிறந்தவன். எந்த இடத்தில் குத்தினால் நாங்கள் வாயை மூடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

"பாபு மேலிடத்துல சொன்னாரு. மேலிடம் சந்தோசமா எழுதிக்கிச்சு. அவ்ளோதான்" என்று நோட்டை மூடினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் புயல் வந்தது. மேற்கே கறுத்தது தெரிந்து நான் சுபல் வீட்டுக்கு ஓடுவதற்குள் பிளாஸ்டிக் தாள் பிய்ந்து ஆற்றுப் பக்கமாகப் பறந்துவிட்டது. ஆலங்கட்டி பொழிந்தது. சுபலின் மகள் கட்டிலுக்கு அடியில் குழந்தையை வைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தாள். கட்டிலுக்கு மேல் பசந்தி பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஒரு கட்டி விழுந்து ரத்தம் வழிந்தது. குழந்தை தப்பித்தது. ஆனால் நனைந்து விறைத்துப் போய், ராத்திரி முழுக்க அழக்கூட முடியாமல் முனகிக்கொண்டே இருந்தது.

காலையில் பசந்தி என்னைப் பார்த்தாள்.

"வாங்க பாட்டுக்காரரே. இன்னும் ரெண்டு அடி எழுதுங்க. கூரைக்கு மேல போட்டுக்கறோம்."

சுபல் ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, "நட" என்றான். நானும் பின்னால் நடந்தேன்.

சசாங்க பாபு வீட்டு வாசலில் காவலாள் எங்களை நிறுத்தினான். மாடியிலிருந்து பாபுவே பார்த்துவிட்டார். "அட, நம்ம சிவன்! விடுய்யா உள்ள!" கூடத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள். பூரியும் சந்தேஷ் இனிப்பும் வெள்ளித் தட்டில் இருந்தன.

"இவங்கதான் நான் சொன்ன கலைஞருங்க" என்றார் அவர்களிடம். "சுபல், அந்த எண்ணெ போடுற அடியப் பாடு. இவங்க கேக்கட்டும்."

"பாபு, ஒரு விசயம் சொல்லணும்" என்று நான் ஆரம்பித்தேன். "அன்னைக்குப் பாடினது பாராட்டு இல்ல. அது திட்டு."

"தெரியும்டா!" என்று சிரித்தார். "எனக்கா தெரியாது? இதுதானே ஒங்க கலை. நல்லாத் திட்டுங்க. நான் கோவிச்சுக்குற ஆளா?"

"தள்ளுபடின்னது நெசமில்ல பாபு. ஒங்களுக்கு ஒறைக்கணும்னு சொன்னது."

"ஒறைச்சுது! கண்ணுல தண்ணியே வந்துருச்சு, பாத்தேல்ல?" விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "என்ன கற்பனை பாருங்க. சர்க்காரு ஏழையாம், இவங்க தள்ளுபடி பண்றாங்களாம்! படிக்காதவன் மூளையப் பாருங்க."

அவர்களும் சிரித்தார்கள். எத்தனை ஊசி குத்தினாலும் வலிக்காத தோலில் இன்னும் எதைக் குத்துவது? என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் பாட்டு, அவருக்கு அது பூரிக்குத் தொட்டுக்கொள்ளும் கறி.

சுபல் ஒரு அடி முன்னால் வைத்தான். சேறு காலோடு, சலவைக் கல்லின் மேல்.

"என் கூலியத் தின்னுட்ட. பதினோராயிரத்து முந்நூத்தி நாப்பது ரூபா. குடு."

பாட்டு இல்லை, சிவன் இல்லை, பாபு என்ற சொல்லும் இல்லை.

சிரிப்பு நின்றது. சசாங்க பாபுவின் காது சிவந்தது. "மரியாதையாப் பேசு" என்றார்.

"நேத்து என் பேத்தி ஐஸ் மழையில நனைஞ்சு வெறைச்சுப் போச்சு. என் கூலியத் தின்னுட்ட. குடு."

"என்ன கூலி?" என்று விருந்தாளிகளில் பெரியவர், மாப்பிள்ளைக்கு அப்பா, மெதுவாகக் கேட்டார். "வீட்டு வேல செஞ்சவங்களா? பாக்கியா வச்சிருக்கீங்க?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, சர்க்கார் விசயம்" என்று சசாங்க பாபு ஜிப்பா பையில் கை விட்டார். ஒரு கற்றை வந்தது. எண்ணவில்லை. எச்சில் தட்டை வேலைக்காரியிடம் நீட்டுவது போல நீட்டினார். "எடுத்துட்டுப் போ. போ வெளிய."

இரண்டு வருடம் நாங்கள் ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் நின்று கேட்ட காசு அவருடைய ஒரு பையில், வெற்றிலைப் பொட்டலத்தோடு கிடந்திருக்கிறது.

சுபல் அங்கேயே குந்தி உட்கார்ந்து, நோட்டுகளைத் தரையில் வைத்து எண்ணினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்ணி முடித்து நிமிர்ந்தான்.

"பத்தாயிரந்தான் இருக்கு. ஆயிரத்து முந்நூத்தி நாப்பது கொறையுது."

சசாங்க பாபு இன்னொரு பையைத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை. உள்ளே பார்த்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை, கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெரியவர்தான் தன் பர்சைத் திறந்து, நோட்டும் சில்லறையுமாகச் சரியாக எடுத்து சுபல் கையில் வைத்தார். சசாங்க பாபுவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். என் பாட்டு எதுவும் அங்கே போய்ச் சேர்ந்ததில்லை.

அந்தக் கல்யாணம் நின்றுபோயிற்றா என்று ஊரில் கேட்கிறார்கள். எங்கே நிற்கும்? நடந்தது. அவர்களுக்குள் அதெல்லாம் நிற்காது.

வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து நிதாய் மூச்சு வாங்க ஓடிவந்தான். கையில் ஒரு தாளும் மைப்பெட்டியும்.

"கைநாட்டு வச்சுட்டுப் போ. பாபு சொன்னாரு."

"என்னடா எழுதியிருக்கு?" என்று சுபல் என்னைக் கேட்டான்.

நான் படித்தேன். "ஏழைக் கலைஞருக்கு எம்.எல்.ஏ. தன் சொந்தப் பணத்துலேர்ந்து குடுத்த புயல் நிவாரண உதவின்னு இருக்கு."

"கூலின்னு இருக்கா?"

"இல்ல."

"பாக்கின்னு?"

"இல்ல. கிழிச்சுப் போட்ருவோம் சுபல். இது நம்மளப் பிச்சக்காரனாக்குற தாளு."

மேற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டிருந்தது. சுபல் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"தகரத்துல எழுதியிருக்குமாடா, இது கூலித் தகரம், இது பிச்சத் தகரம்னு? குடு இப்பிடி."

பெருவிரலை மையில் அழுத்தி, தாள் கிழிந்துவிடும் போல வைத்தான். பிறகு சாஹா கடை மூடுவதற்குள் ஓடினோம். எட்டுத் தகரத்தையும் சைக்கிள் வண்டியில் ஏற்றி நான் தள்ள, அவன் இழுத்தான். முதல் ஆணி அடிக்கும்போதே தூறல் விழுந்தது. பசந்தி மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசில் நிதாய் கூலிப் பாக்கி நோட்டைத் திறந்து, சுபலின் பெயருக்கு நேரே ஒரு கோடு கிழித்தான். என் பெயருக்கு நேரேயும், மொத்தாலிப் பெயருக்கு நேரேயும், மற்ற இருபத்தொன்பது பேர் பெயருக்கு நேரேயும் தள்ளுபடி என்று ஏற்கெனவே கிழித்தாயிற்று.